தொங்கல் கண்ணாடிதான், வரியை வாங்கிக்கொள்ளுங்கள்

விடுநர்:
வீட்டு அலங்காரப் பொருள் கடையின் பங்குதாரர்கள் இருவர்
(அண்ணியும் நாத்தனாரும்),
பல் மருத்துவமனைக்குக் கீழ்த்தளம்,
கடைவீதி.

பெறுநர்:
சுங்க ஆணையர் அவர்கள்,
சுங்க அலுவலகம்,
துறைமுகச் சாலை.

பொருள்: பல பொருள்கள் கலந்து செய்யப்பட்ட அலங்காரத் தொங்கல்களை மரப்பொருள் என்று மாற்றி வகைப்படுத்திய ஆணையை விலக்கிக்கொண்டு, முன்பு போலக் கண்ணாடிப் பொருள் என்றே வகைப்படுத்தி, அதற்குரிய கூடுதல் வரியை எங்களிடம் வசூலிக்கவும், அந்தப் பொருளைச் சோதித்த அலுவலர் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் பெயரில், எங்களுக்குத் தெரியாமல், தங்களுக்கு வந்த புகார். 2. அதன் மீது தங்கள் அலுவலகம் பிறப்பித்த ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

வரியைக் குறைக்கச் சொல்லும் மனுக்கள் தங்கள் மேசைக்குத் தினமும் வந்துகொண்டிருக்கும். இந்த மனு வரியைக் கூட்டச் சொல்கிறது. தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று எவரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சரக்கைச் சோதித்த மதிப்பீட்டு அலுவலர் அம்மையார் மீது எங்கள் பெயரில் ஒரு புகார் வந்திருக்கிறது. அதனால் அவர் பரிசோதனைக் கூடத்திலிருந்து பதிவறைக்கு மாற்றப்பட்டு, விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் பெற்றிருக்கிறார். அவர் எங்களுக்குச் செய்தது நன்மை மட்டுமே. எனவே அந்தப் புகாரின் மீதுதான் எங்கள் இந்தப் புகார். விவரம் பின்வருமாறு:

1. நானும் என் நாத்தனாரும், அதாவது என் கணவரின் தங்கையும், சேர்ந்து கடை நடத்தி வருகிறோம். பூச்சாடி, சுவர்க் கடிகாரம், மேசை விளக்கு, செயற்கைப் பூ ஆகியவை எங்கள் வியாபாரம். மாடியில் பல் பிடுங்கிக்கொண்டு இறங்குபவர்கள் போகிற வழியில் எங்களிடம் வாங்கினால்தான் உண்டு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குப் பூச்சாடி விற்பது எவ்வளவு சிரமம் என்பதை ஐயா அவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

2. வெளிநாட்டில் ஒரு குடும்பம் தன் வீட்டுப் பட்டறையில் செய்யும் தொங்கல்களை வரவழைப்பது என் முடிவு. தொங்கல் என்பது மேலே ஒரு மர வளையம், அதிலிருந்து கீழே இறங்கும் பல சரங்கள். ஒவ்வொரு சரத்திலும் மரமணி, இறகு, சுட்ட மண்மணி, கண்ணாடித் துளி, சின்னப் பித்தளை மணி எல்லாம் கலந்துகட்டிக் கோத்திருக்கும். சன்னலோரம் மாட்டினால் வெளிச்சம் சுவர் முழுக்கச் சிதறும். என் நாத்தனாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. "காத்துல ஆடுற சாமானுக்கு யாரு காசு குடுப்பா?" என்றார். நான் கேட்கவில்லை. கடையின் கையிருப்பு முழுவதையும் அந்தச் சரக்கிலேயே போட்டேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு நேரடியாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே என் கணவருக்குத் தொலைபேசியில், "அண்ணா, சில்லறை தீந்துபோச்சுன்னு சொல்லிடு" என்பார். என் கணவர் தன் அலுவலகத்திலிருந்து என்னை அழைத்து, "சில்லறை தீந்துபோச்சாம்" என்பார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த ஏற்பாட்டை ஒரு வகைப்பாட்டு மனுவில் எதற்காக எழுதுகிறேன் என்பது ஆறாவது பத்தியில் விளங்கும். அதுவரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

3. சரக்கு வந்து இறங்கியதும், எங்கள் சுங்க முகவர் அதை 'மரத்தாலான அலங்காரப் பொருள்' என்று எழுதிப் பதிவு செய்தார். பெட்டியின் மேல் அப்படித்தான் ஒட்டியிருந்தது, மரத்துக்கு வரியும் குறைவு. முகவர் கெட்டவர் அல்ல. இந்த ஊரில் யார் சரக்கு எங்கே முடங்கிக் கிடக்கிறது என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அவரிடம் கடையின் பெயர் அச்சிட்ட வெற்றுத்தாள்களில் எங்கள் இருவர் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். ஒவ்வொரு காகிதத்துக்கும் கடைக்கு ஓடிவர முடியாது என்பதால் எல்லா வியாபாரிகளும் அவரிடம் அப்படித்தான் கொடுத்து வைப்பார்கள். இந்த வழக்கம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

4. பரிசோதனைக் கூடத்தில் பெட்டியைத் திறந்த அலுவலர் அம்மையார் ஒரு தொங்கலை எடுத்துச் சன்னல் கம்பியில் மாட்டினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இன்னொன்றை முழுவதுமாகப் பிரித்தார். மரம் ஒரு தட்டில், இறகு ஒரு தட்டில் என்று தனித்தனியாகப் போட்டுத் தராசில் வைத்துப் பார்த்ததில் கண்ணாடியே கனத்தது. முகவர் உடனே, எடையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று விதியை எடுத்து நீட்டினார். "எடைய மட்டும் பாத்து நானும் முடிவு பண்ணலைங்க" என்று அம்மையார் அமைதியாகச் சொன்னார்.

பல பொருள்கள் சேர்ந்த ஒன்றுக்கு எந்தப் பொருள் அதன் இயல்பைத் தருகிறதோ அதை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்பதை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். அவர் எனக்காக நிதானமாக விளக்கினார். கூடத்தின் வழியாகப் போனவர்களை நிறுத்தி, சன்னலில் தொங்குவதைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். கணக்குப் பிரிவைச் சேர்ந்தவர் கண்ணாடித் தோரணம் என்றார். சுமை தூக்குபவர் கேள்வி முடிவதற்குள்ளாகவே, "கண்ணாடியா? அப்ப பெட்டிய நிமித்தி வைக்கணுமே" என்று சொல்லிக்கொண்டு பெட்டியைத் திருப்பப் போய்விட்டார். மரம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிரித்த தொங்கலின் வெறும் வளையத்தைத் தூக்கிக் காட்டி, "இத மட்டும் அனுப்பியிருந்தா வாங்கியிருப்பீங்களா?" என்று அம்மையார் என்னைக் கேட்டார். துணி காயப்போடக்கூட அது உதவாது. மாட்டேன் என்றேன். முகவர்தான் விடாமல், "வளையம் இல்லாம கண்ணாடி எங்கங்க தொங்கும்?" என்றார். "தொங்கறதுக்கு வளையம் வேணும். வாங்கறதுக்குக் கண்ணாடி வேணும்" என்று சொல்லிவிட்டு அம்மையார் கண்ணாடி என்று எழுதினார்.

வரி கூடும் என்றதும் என் முகம் போன போக்கை அவர் கவனித்திருக்க வேண்டும். வகைப்பாட்டில் எனக்குச் சம்மதம் இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம் என்றும், அது முடியும்வரை கூடுதல் வரிக்குப் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துப் போகலாம் என்றும் அவரே எடுத்துச் சொன்னார். அப்படி ஒரு வழி இருப்பதை அன்றுவரை எங்கள் முகவர் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த வார்த்தையால்தான் சரக்கு கிடங்கில் முடங்காமல் கடைக்கு வந்து சேர்ந்தது. இதற்காக முதல் நன்றி.

5. பிரித்ததை அப்படியே பையில் அள்ளிப் போட்டுக் கொடுத்திருந்தாலும் நாங்கள் வாங்கிக்கொண்டு வந்திருப்போம். அவர் அப்படிக் கொடுக்கவில்லை. "பிரிச்சது நான், கோக்கறதும் நான்தான்" என்று சாப்பாட்டு நேரத்தில் ஊசியும் நைலான் நரம்புமாக உட்கார்ந்துவிட்டார். ஆனால் எப்படி இருந்தது என்று பார்த்துக் கோப்பதற்கு முன்மாதிரி கிடையாது. அந்தத் தொங்கல்களில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. எது மேலே எது கீழே என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் தன் தட்டுகளை வரி அட்டவணைப் புத்தகத்தின் வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். அந்த வரிசையிலேயே கோத்துவிட்டார். எல்லாச் சரங்களிலும் மேலே மரமணி, அடுத்து இறகு, அதன் கீழ் சுட்ட மண், பிறகு கண்ணாடி, கடைசியில் பித்தளை. கோத்து முடித்த பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க, எனக்குக் கை இந்த வரிசையிலதான் போகுது" என்றார்.

ஒரு மண்மணி மட்டும் மிஞ்சிவிட்டது. அதை ஒரு உறையில் போட்டு, 'மீதம், மண்மணி ஒன்று' என்று எழுதி, கையெழுத்திட்டுத் தந்தார். பொருளைச் சேதப்படுத்துபவர் மிஞ்சிய மண்மணிக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்பதை ஐயா அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. கடையில் வந்து பெட்டிகளைப் பிரித்தோம். மற்ற தொங்கல்கள் எல்லாம், வாரி முடியாத தலைமுடி போல, ஒன்றோடொன்று பின்னிச் சிக்கலாகி வந்திருந்தன. கீழே இருந்த இறகுகள் பக்கத்துச் சரங்களைப் பிடித்துக்கொள்ள, மேலே இருந்த கண்ணாடி நடுவில் மாட்டிக்கொண்டு கிடந்தது. மாட்டிய இடத்திலும் அவை முறுக்கிக்கொண்டன. என் நாத்தனார் 'நான் அப்பவே சொன்னேன்' என்பதை முகத்திலேயே வைத்துக்கொண்டு பூச்சாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மையார் கோத்த தொங்கல் மட்டும் நேராக நின்றது. லேசானவை மேலேயும் கனமானவை கீழேயும் போய்விட்டதால் ஒவ்வொரு சரமும் தன் எடையிலேயே இழுத்துக்கொண்டு விறைப்பாக இறங்கியது. கண்ணாடி எல்லாம் ஒரே மட்டத்தில் வந்ததால் வெளிச்சம் சுவரில் ஒரே பட்டையாக விழுந்தது.

மாடியிலிருந்து ஒரு பெண்மணி வாயில் பஞ்சோடு இறங்கி வந்தார். பேச முடியாமல் விரலை மட்டும் நீட்டி அந்த ஒன்றைக் கேட்டார். மற்றவற்றைக் காட்டியபோது தலையை ஆட்டினார். மறுபடியும் அதையே காட்டினார். அது மாதிரிப் பொருள், விற்க முடியாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் நாத்தனார் கத்திரியை எடுத்து ஒரு சிக்கலான தொங்கலைச் சரசரவென்று வெட்டிப் பிரித்தார். அம்மையாரின் வரிசையைப் பார்த்துப் பார்த்துக் கோக்க ஆரம்பித்தார். கடைசி முடிச்சுக்கு இரண்டு கை போதவில்லை. என் கணவரைத் தொலைபேசியில் அழைத்து அந்த நரம்பைப் பிடிக்கச் சொல்ல வழியில்லை. "அண்ணி, இத கொஞ்சம் புடிங்க" என்றார்.

ஐயா, அந்த 'அண்ணி'யைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை அலுவலக மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் அதுதான் நடந்தது. பஞ்சு வாயோடு நின்ற பெண்மணி பொறுமையாகக் காத்திருந்து அதை வாங்கிக்கொண்டு போனார். பிறகு வந்த நாள்களில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை தொங்கல்களையும் பிரித்துக் கோத்தோம். கோக்கக் கோக்கப் பேசினோம். பேசாமல் விட்டிருந்தது எல்லாம் வெளியே வந்தது, அதில் சண்டையும் இருந்தது. என் கணவர் தொலைபேசி நிலையம் நடத்தும் வேலையிலிருந்து விடுதலை பெற்றார். எங்கள் வீட்டு மர வளையம் அவர்தான். எல்லாரையும் தாங்குவார், யாரும் அவரைப் பார்த்து நின்றதில்லை. தொங்கல்கள் நன்றாகவே விற்கின்றன. கடை பிழைத்தது. இதற்காக இரண்டாவது நன்றி, முதலாவதைவிடப் பெரியது.

7. இந்த நிலையில்தான் தங்கள் ஆணை வந்தது. எங்கள் புகாரை ஏற்று வகைப்பாடு மரம் என்று மாற்றப்பட்டதாகவும், பொருளின் 'வடிவத்தைச் சிதைத்த' அலுவலரிடம் விளக்கம் கேட்கப்பட்டதாகவும் அதில் இருந்தது. எந்தப் புகார் என்று எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தபோது முகவர் உச்சி குளிர்ந்து போயிருந்தார். "ஜெயிச்சுட்டோம்க்கா!" என்றார். பிரித்துச் சோதித்த சரக்கு எதுவானாலும் ஒரு சேதப் புகாரை எழுதிப் போட்டுவிடுவது அவர் வழக்கமாம். எங்கள் கையெழுத்திட்ட வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, சரங்கள் முன்பு இருந்த வரிசையில் இல்லை, எனவே சோதனையே செல்லாது என்று எழுதி அனுப்பியிருக்கிறார். வரிசை மாறியது உண்மை. அந்த மாறிய வரிசையில்தான் எங்கள் கடை ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆணை எழுதியவரும் தொங்கலைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. காகிதத்தில் மரம் என்று இருந்ததைப் பார்த்து மரம் என்று எழுதிவிட்டார். அவர்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை, ஒருமுறை சன்னலில் மாட்டிப் பார்த்திருக்கலாம் என்பதைத் தவிர.

8. பிணைப் பத்திரத்தைத் திரும்பப் பெற நான் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். பதிவறையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அடுக்குகளுக்கு நடுவே, சன்னல் இல்லாத மூலையில், பழைய கோப்புகளுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவர் அதே அம்மையார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு, என் பத்திரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "தொங்கல் சிக்காம இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் நன்றி என்ற சொல்லையே சொல்லாமல் வந்தது உறைத்தது. அதை இந்த மனுவின் வழியாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

9. வீட்டில் இதைப் பேசினோம். என் கணவர், "கேக்காத வரிய யாராவது தேடிப்போய்க் கட்டுவாங்களா?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கடைக்கு அது சின்னத் தொகை அல்ல. என் நாத்தனார்தான் பதில் சொன்னார். "அவங்க சொல்லிக்குடுத்த வரிசையில கோத்து வித்துட்டிருக்கோம். அவங்கள இருட்டுல உக்கார வச்சுட்டு நாம வெளிச்சத்த விக்கறதா, அண்ணா?" என்றார். காற்றில் ஆடும் சாமானுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்ட அதே நாத்தனார். இந்த மனுவைத் தட்டச்சு செய்து தந்தவர் என் கணவர்தான்.

10. எனவே ஐயா அவர்களிடம் நாங்கள் பணிவன்புடன் வேண்டுவது:

(அ) எங்கள் தொங்கல்கள் கண்ணாடிப் பொருளே என்று மீண்டும் வகைப்படுத்தி, வித்தியாசத் தொகைக்கு எங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். தவணையில் கட்ட அனுமதித்தால் இன்னும் நன்றியுடையவர்களாக இருப்போம். அனுமதிக்காவிட்டாலும் கட்டுவோம்.

(ஆ) எங்கள் பெயரில் வந்த புகார் நாங்கள் அனுப்பியது அல்ல என்பதைப் பதிவு செய்து, அம்மையார் மீதான குறிப்பாணையை விலக்கிக்கொள்ள வேண்டும். சேதம் ஏதும் இல்லை. சேதம் என்று எழுதப்பட்டதுதான் எங்கள் கடையின் சிறந்த சரக்கு. முகவரிடமிருந்து மீதி வெற்றுத்தாள்களைத் திரும்ப வாங்கிவிட்டோம். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இரண்டு நாளில் சரியாகிவிடுவார். அவர்மீதும் நடவடிக்கை வேண்டாம்.

(இ) அம்மையாரை மறுபடியும் பரிசோதனைக் கூடத்தில், அந்தச் சன்னலுக்குப் பக்கத்திலேயே, பணியமர்த்த வேண்டும். எங்கள் அடுத்த சரக்கு கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. செய்கிற குடும்பத்துக்கு அவருடைய வரிசையைப் படமெடுத்து அனுப்பினோம். அவர்களும் அப்படியே கோத்து, பெட்டியின் மேல் கண்ணாடிப் பொருள் என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியை அவர் கையால் திறக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. சட்டப்படி ஆசைக்கு இடம் உண்டா என்பது எங்களுக்குத் தெரியாது. கேட்டு வைக்கிறோம்.

11. சான்றுப் பொருளாக அம்மையார் கோத்த அதே தொங்கலையும், மிஞ்சிய மண்மணியையும் அவர் கையெழுத்திட்ட உறையோடு இத்துடன் இணைத்திருக்கிறோம். இது அன்பளிப்பு அல்ல. விசாரணை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், ரசீதும் வேண்டும். விலைக்குக் கேட்டவர்கள் பலருக்கு இதை மறுத்திருக்கிறோம். இதுவரை இதை ஐயா அவர்கள் பார்க்கவில்லை என்பதால், முடிவெடுக்கும் முன் ஒரே ஒரு முறை வெயில் வரும் சன்னலில் மாட்டிப் பார்க்க வேண்டுகிறோம்.

இந்தத் தடவை, எழுதி முடித்த தாளில், இருவரும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுகிறோம். விசாரணைக்காகத் தொங்கலைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தால், தயவுசெய்து பதிவறையிலிருந்து அம்மையாரை அழைத்து அவர் கையில் கொடுங்கள். வேறு யார் பிரித்தாலும் அதை அவரைப் போலத் திருப்பிக் கோத்துத் தர மாட்டார்கள்.

இடம்: கடை
நாள்: ஆணை கிடைத்த வாரத்தின் வெள்ளிக்கிழமை

என்றும் நன்றியுடன்,

(கையெழுத்து) அண்ணி
(கையெழுத்து) நாத்தனார்

இணைப்பு: தொங்கல் ஒன்று, உறையில் மண்மணி ஒன்று, திரும்பப் பெற்ற வெற்றுத்தாள்கள், குறுக்கே கோடிட்டு.